இரண்டு நிரைத் தக்காளி

பொய் சொல்லத் தெரியாத மனிசன் என்று இராசநாயகத்துக்குக் கொக்குவிலில் ஒரு பேர் உண்டு. பேர் எடுப்பது லேசு. அதை வைத்துக் காப்பாற்றுவதுதான் பெரிய சோலி. விடியக் காலமை ஆறு மணிக்குக் கிணற்றடி மோட்டர்க் கொட்டிலுக்குள் தலையை நுழைத்து, பழைய சுவிச்சுப் பெட்டிக்குப் பின்னால் பொட்டலமாய் மடித்துச் செருகி வைத்த பொலித்தீன் சரையை எடுத்து, அதிலிருந்து ஒரு நகக்கண் அளவு புகையிலையைக் கிள்ளி, இடக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி வெளியே வருகிற அந்த மனிசனைப் பார்த்தால் நீங்களும் அந்தப் பேரை நம்பித்தான் ஆவீர்கள்.

வெற்றிலை கிடையாது. பாக்கு, சுண்ணாம்பு கிடையாது. அவை உதட்டைச் சிவக்க வைத்துக் காட்டிக் கொடுத்துவிடும். வெறும் புகையிலை மட்டும். அரை மணித்தியாலம் ஊறவிட்டு, வாழையடியில் துப்பி, வாயைக் கொப்பளித்து, இரண்டு கராம்பைக் கடித்துக்கொண்டால் அலுவல் முடிந்தது. “என்னப்பா நெடுகக் கராம்பு?” என்று மனைவி குணலட்சுமி கேட்டால், “கடைவாய்ப் பல்லு நோகுது” என்பார். வாயைத்தான் இவ்வளவு கவனமாகக் கழுவினாரே தவிர, கையைக் கழுவ வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. அந்தக் கை நேரே போய் மண்ணையும் எருவையும் அளையப் போகிறது. அதை ஏன் கழுவுவான்?

இந்தப் பழக்கம் பஸ் தந்தது. சண்டை முடிந்து பாதை திறந்த நாள் தொட்டு அவர் கொழும்புக்கு இரவு பஸ் ஓட்டினவர். வவுனியா தாண்டினால் கண் சொருகும். அப்போது கன்னத்துக்குள் ஒரு கிள்ளு. பன்னிரண்டு வருடத்தில் ஒரு மாட்டைக்கூட இடிக்காமல் ஓய்வு பெற்றார். வந்த பென்சனோடு இந்தக் கிள்ளும் கூடவே வந்துவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன்னர் பல்லுக் காட்டப் போன இடத்தில் டொக்டர் அவருடைய இடக் கன்னத்துக்குள் ஒரு வெள்ளைப் படையைக் கண்டார். பயறளவுதான். “இதை விட்டீங்களெண்டால் இது அதுபாட்டிலை அடங்கும். விடாட்டி எங்கை போய் முடியுமெண்டு நான் சொல்லத் தேவையில்லை” என்றார். சொல்லத் தேவையில்லைதான். குணலட்சுமியின் அண்ணை அந்தப் புற்று வருத்தத்தில் தாடையைப் பறிகொடுத்து, கடைசியில் கஞ்சிகூட இறங்காமல் போனவர். அன்று பின்னேரமே அவள் புருசனைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பிள்ளையாருக்கு முன்னால் நிறுத்தினாள். இராசநாயகம் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தார். செய்ததோடு விட்டும் விட்டார். ஆறு மாதத்துக்கு ஒருதரம் கிளினிக்குக்கும் ஒழுங்காகப் போனார்.

அது இரண்டு வருடம் நின்றது. போன ஆடியில் ஒரு செத்தவீட்டில் வெற்றிலைத் தட்டம் கை மாறி வந்தபோது, அவருடைய விரல் அவரைக் கேட்காமலே புகையிலைத் துண்டில் போய் நின்றது. அதற்குப் பிறகு வந்த கிளினிக் நாளில் அவருக்கு ஏதோ ஒரு அலுவல் வந்துவிட்டது. டொக்டரிடம் கேட்க என்ன இருக்கிறது? நாக்கு ஒவ்வொரு நாளும் அந்த இடத்துக்குப் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வருகிறது. முன்பு வழுவழுப்பாக இருந்த இடம் இப்போது சொரசொரத்துக் கிடந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் ஒரு கிள்ளு எடுத்துப் போடுவார். அந்த மனிசனுடைய விண்ணாணம் அப்படி.

இனித் தக்காளிக்கு வருவோம். தக்காளி குணலட்சுமியின் விசர்.

நான்கு வருடமாக அவளிடம் ஒரே விதை. திறமான மரத்தில் திறமான பழத்தைப் பார்த்துவைத்து, மரத்திலேயே நன்றாகப் பழுக்கவிட்டு, பிழிந்து, மூன்று நாள் புளிக்கவைத்து, கழுவி, நிழலில் உலர்த்திச் சின்னப் போத்தலில் போட்டு வைப்பாள். அவள் மாதர் சங்கத்துக்குச் செயலாளர். இந்த மாரிக்குத் தன் கையால் முளைக்க வைத்த கன்றுகளைச் சங்கத்துப் பெண்கள் பதினொரு பேருக்குக் கொடுத்தாள். “குணமக்கான்ரை கண்டு” என்றால் கண்ணை மூடிக்கொண்டு நடலாம் என்று அவர்களுக்கு நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் எடுப்பும் உண்டு. இருக்கட்டுமே, உழைத்து வாங்கிய எடுப்பு.

மிச்சம் இருபது கன்றையும் வளவின் மேற்குப் பக்கத்தில் வைக்கப் போனபோதுதான் இராசநாயகம் வாயைக் கொடுத்தார்.

“இஞ்சாரும், ஆளுக்கொரு நிரை. ஆரின்ரை நிரை முதல் பழுக்குதெண்டு பாப்பம்.”

“தோத்தால்?”

“தோத்த ஆள் ஒரு மாசத்துக்குத் தேங்காய் திருவுறது.”

“பேந்து கைநோகுது, கால்நோகுதெண்டு சொல்லக் கூடாது.”

“நான் சொன்னால் சொன்னதுதான்” என்றார் பொய் சொல்லத் தெரியாத மனிசன்.

மழைத் தண்ணீர் தேங்காமல் பாத்தியை ஒரு சாண் உயர்த்தினார்கள். குழிக்குக் குழி மக்கிய ஆட்டெரு. கன்றுக்கு ஒரு கிளிசரியாத் தடி, தளர ஒரு வாழைநார்க் கட்டு, அடியில் காய்ந்த வாழைச்சருகு மூடாக்கு. இலையில் ஒரு சொட்டும் படாமல் அடியில் மட்டும் தண்ணீர். ஒரு நாள் அள்ளி ஊற்றி மூன்று நாள் மறந்துவிட்டால் காயின் அடி கறுத்து அழுகும் என்பதால் ஒவ்வொரு நாளும் அளவாக. கவட்டில் முளைக்கிற பக்கக் கிளைகளைக் கிள்ளினால்தான் பலன் காய்க்குப் போகும். அவள் தன் நிரையைப் பின்னேரத்தில் கிள்ளுவாள். புருசனை அந்தப் பக்கம் அண்டவும் விடமாட்டாள். போட்டி என்றால் போட்டி. அவர் தன் நிரையைக் காலமை ஆறரைக்கே, மோட்டர்க் கொட்டிலால் வந்த கையோடு, முதலாம் கன்றில் தொடங்கிப் பத்தாம் கன்று வரை வரிசை பிசகாமல் கிள்ளுவார். பஸ் ஓடினவர் அல்லவா, ஒரு தரிப்பிடமும் தவறாது.

தைப்பொங்கல் முடிந்து ஒரு கிழமை. இரண்டு நிரையிலும் குலை குலையாகக் காய்.

“இஞ்சாருங்கோ, உங்கடை முதலாவது கண்டு ஒரு மாதிரிக் கிடக்கு” என்றாள் குணலட்சுமி.

இலையில் அங்கங்கே வெளிறிய பச்சையும் கடும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாய் இருந்தது. நுனியில் வந்த புது இலை அகலம் இல்லாமல் சுருங்கியிருந்தது.

“வெய்யில் காணாது. ரெண்டு நாளிலை நிமிரும்.”

இரண்டு நாளில் இரண்டாவது கன்றும் அப்படி ஆனது. பிறகு மூன்றாவது, நாலாவது. அவர் கிள்ளிக்கொண்டு போன வழியே நோயும் தொடர்ந்து போனது. குணலட்சுமி இலையைத் திருப்பித் திருப்பி அடிப்பக்கத்தில் வெள்ளை ஈ இருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றுகூட இல்லை. அவளுடைய நிரை மட்டும் பச்சைப் பசேல் என்று நின்றது.

“உவள் பக்கத்து வீட்டு உதயகலா போன கிழமை மதிலாலை எட்டிப் பாத்து, என்ன காய்ப்பெண்டு சொன்னவள். அந்த நாவூறுதான்” என்றார் இராசநாயகம்.

“அவ என்ரை நிரையையுந்தானே பாத்தவ?”

“உம்மடை நிரையை மதில் மறைச்சுப்போட்டுது.”

“மதில் உங்கடை பக்கமெல்லோ கிடக்கு!”

அடுத்த நாள் சுண்ணாம்புப் புள்ளி குத்திய பழைய சட்டி ஒன்று அவருடைய நிரையின் நடுவே தடியில் ஏறியது. மோட்டர்க் கொட்டிலால் வந்த கையாலேயே அதையும் இழுத்துக் கட்டினார். பாவம், அவருக்கு உண்மையாகவே ஒன்றும் தெரியாது. அந்த நிரை தோற்றுப்போவது, தேங்காய் திருவ வேண்டுமே என்பதற்காக அல்ல, தன் கையால் வைத்தது வாடுகிறதே என்றுதான் அவரை வருத்தியது. சாப்பாடுகூடச் சரியாக இறங்கவில்லை.

எட்டாவது கன்றும் விழுந்த அன்று குணலட்சுமி விவசாயப் போதனாசிரியைக்கு ரெலிபோன் எடுத்தாள். ஆரணி என்ற அந்தப் பிள்ளை பத்து மணி போல ஸ்கூட்டியில் வந்து இறங்கியது. இரண்டு நிரையையும் நடந்து பார்த்தது. சட்டியைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தது, அதுவே பெரிய குணம். ஒரு இலையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிக் கேட்டது.

“அம்மா, இந்த வீட்டிலை ஆராவது சுருட்டுப் பத்திறவையோ, புகையிலை போடுறவையோ இருக்கினமோ?”

இராசநாயகம் குனிந்து சட்டிக் கயிற்றை இறுக்கினார்.

“ஏன் பிள்ளை?” என்றாள் குணலட்சுமி.

“இது தேமல் நோயம்மா. புகையிலைக்கு வாறது. காஞ்ச புகையிலைக்குள்ளையும் அந்தக் கிருமி உயிரோடை கிடக்கும். தொட்ட கையோடை வந்து பக்கக் கிளையைக் கிள்ளினால், கிள்ளின காயத்துக்குள்ளாலை மரத்துக்குள்ளை போயிடும். பேந்து ஒரு மரத்திலையிருந்து மற்ற மரத்துக்கும் அந்தக் கைதான் கொண்டுபோகும்.”

குணலட்சுமி சிரித்தாள். அப்படி ஒரு நிம்மதிச் சிரிப்பு.

“அப்பிடியெண்டால் இது வேறை ஏதோ பிள்ளை. இவர் முந்திப் போட்டவர்தான். விட்டு மூண்டு வருசம். கற்பூரம் அணைச்சு விட்டவர். கொழும்பு பஸ் ஓடின ஆக்களிலை இவரைப்போலை விட்ட ஒராளைக் காட்டுங்கோ பாப்பம்!”

இராசநாயகம் தன் காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். கன்னத்துக்குள் காலமைக் காரம் இன்னும் இருந்தது. அவள் ஏசியிருந்தால் தாங்கியிருப்பார். இப்படிப் பெருமைப்பட்டது அவரைக் கொன்றது.

ஆரணி முகத்தைச் சுளித்து யோசித்தது. “அப்ப விதையாலைதான் வந்திருக்கோணும். விதைத் தோலிலையும் ஒட்டிக்கொண்டு வரும். அம்மான்ரை நிரை இப்ப வடிவாத்தான் இருக்கு. ஆனால் அதே விதையெண்டால் இண்டைக்கோ நாளைக்கோ காட்டும். ரெண்டு நிரையையும் பிடுங்கி எரிக்கிறதுதான் நல்லது. வைச்சிருக்கிற விதையையும் எரியுங்கோ. கண்டு குடுத்த ஆக்களுக்கும் சொல்லிப்போடுங்கோ.”

“பதினொரு வீட்டுக்கும்?”

“ஓமம்மா. மனசுக்குக் கஷ்டந்தான்.”

ஸ்கூட்டிச் சத்தம் ஒழுங்கை முனையில் போய் அடங்கியது. குணலட்சுமி நேரே தன் நிரைக்குப் போனாள். முதலாம் கன்றில் ஒரு பழம் மஞ்சள் ஏறி நின்றது. போட்டியில் அவள்தான் வென்றிருப்பாள். குனிந்து அந்தக் கன்றின் அடியைப் பிடித்தாள்.

“இப்பவே ஏன் பிடுங்குறீர்? ரெண்டு நாள் பொறுத்துப் பாப்பம்” என்றார் இராசநாயகம்.

“என்ரையைப் பிடுங்கிப்போட்டுத்தான் அவையின்ரை படலைக்குப் போவன். இல்லாட்டி எந்த முகத்தோடை போய்ச் சொல்லுறது? நம்பி வைச்ச சனம்.”

அவள் அழவில்லை. ஆனால் கண்ணோரம் நனைந்திருந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும் என்று இராசநாயகத்துக்குள் ஒரு குரல் சொன்னது. இருபது தக்காளி மரம், ஒரு போத்தல் விதை. அதற்குப் பிறகு ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது. கொட்டிலுக்குள் சரை இருந்த இடத்திலேயே இருக்கும். கன்னத்துக்குள் இருக்கிறதும் அங்கேயே இருக்கும். அவள் பிடித்து இழுத்தாள். கன்றின் அடியில் மண் வெடித்துக் கிளம்பியது.

“பிடுங்காதையும் குணம்! விதை இல்லை. நான்.”

“என்ன நீங்கள்?”

“என்ரை கை.”

அவள் நிமிர்ந்தாள். முதலில் விளங்கவில்லை. பிறகு அவருடைய வலக்கையைப் பார்த்தாள். அவர் மோட்டர்க் கொட்டிலுக்கு நடந்தார். அவள் பின்னாலே போனாள். சுவிச்சுப் பெட்டிக்குப் பின்னாலிருந்து சரையை எடுத்து, பிரித்து, அவளிடம் நீட்டினார்.

“எவ்வளவு காலமா?”

“போன ஆடி தொட்டு.”

“கராம்பு?”

“ஓம். அதுக்குத்தான்.”

“அந்தப் பிள்ளைக்கு முன்னாலை நான் கற்பூரக் கதை சொல்லேக்கை பக்கத்திலைதானே நிண்டனீங்கள்?”

“ஓம்.”

“உள்ளுக்குள்ளை சிரிச்சனீங்களோ?”

“ஐயோ, இல்லை” என்றார் இராசநாயகம். இந்த ஒரு வார்த்தை சத்தியமாக உண்மை.

அவள் சரையைத் தொடவில்லை. தன் ரெலிபோனை எடுத்து, ஆரணியின் நம்பரைப் போட்டு அவருடைய கையில் கொடுத்தாள். “நீங்களே சொல்லுங்கோ. என்ரை விதைக்குப் பழி வர ஏலாது.” அறுபத்துநாலு வயதுக்காரர் தன் மகளின் வயதுப் பிள்ளையிடம், “ஓம் மிஸ், நான்தான் போடுறனான். ஓம், ஒவ்வொரு நாளும்” என்று சொன்னார். அந்தப் பக்கத்தில் பிள்ளை அவருடைய நிரையை மட்டும் வேரோடு எடுத்து எரிக்கச் சொன்னது. அம்மாவின் நிரை இருக்கட்டும், ஐயா அந்தப் பக்கம் போகக் கூடாது, யார் தொடுவதென்றாலும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, பாலில் நனைத்துவிட்டுத் தொடவேண்டும், பால் அந்தக் கிருமியை அடக்கும் என்றது.

குணலட்சுமி வீட்டுக்குள் போய்விட்டாள். இராசநாயகம் கிணற்றுக்கட்டில் இருந்தார். இனி ஏச்சு வரும், ஏனம் பறக்கும், குறைந்தது ஒரு கிழமைக்கு முகம் கொடுத்துக் கதைக்கமாட்டாள் என்று எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக இருந்தார். அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

“இஞ்சாலை திரும்புங்கோ. வெய்யிலுக்கு. வாயைத் திறவுங்கோ.”

திறந்தார். அவள் அவருடைய நாடியைப் பிடித்து நிமிர்த்தி, கன்னத்தை விரலால் விலக்கி, இலையின் அடிப்பக்கம் பார்க்கிற மாதிரி உள்ளே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“முந்திப் பயறளவு” என்றாள். இப்போது எவ்வளவு என்று சொல்லவில்லை.

“எனக்குத் தெரியும் குணம். பயமாக் கிடந்தது. அதுதான் கிளினிக்குக்குப் போகேல்லை.”

“எனக்கு மட்டும் பயமில்லையோ? அண்ணைக்குக் கஞ்சி பருக்கினது இந்தக் கைதானே!” என்று அவள் கத்தினாள். மதிலுக்கு அப்பால் உதயகலா தண்ணீர் அள்ளுவதை நிறுத்திவிட்டாள். குணலட்சுமிக்கு அதுவும் பொருட்டில்லை. “தக்காளி போனால் அடுத்த மாரிக்கு வைப்பன். உங்களை நான் எங்கை வைச்சு முளைக்கப் பண்ணுறது? சொல்லுங்கோ பாப்பம்!”

அவள் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவரும் அழுதார். சரை மோட்டர்க் கொட்டில் வாசலில் பிரிந்தபடி கிடந்தது.

பின்னேரம் அவர் தன் பத்துக் கன்றையும் வேரோடு பிடுங்கினார். காயோடு போயின அவை. தடியையும் வாழைநாரையும் சட்டிக்குக் கட்டிய கயிற்றையும் சேர்த்துப் போட்டு, மேலே சரையையும் வைத்துக் கொளுத்தினார். “கற்பூரமும் கொண்டுவரட்டே?” என்று கேட்டார். “சத்தியம் ஒண்டும் இனி வேண்டாம். ஒவ்வொரு நாளும் காலமை கையைக் காட்டினால் காணும்” என்றாள் அவள்.

அடுத்த நாள் இருவரும் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். படையில் ஒரு துண்டை வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர இரண்டு கிழமை எடுத்தது. அந்த இரண்டு கிழமையும் இராசநாயகம் காலமையில் தேங்காய் திருவினார்; நிரையே இல்லாதவர் தோற்றவர்தானே. புகையிலை இல்லாமல் தலை இடித்தது, கை நடுங்கியது, ஒன்றுமில்லாததற்கெல்லாம் கோபம் வந்தது. ஒவ்வொரு விடியலிலும் குணலட்சுமி குசினி வாசலில் நின்று அவருடைய விரல்களைப் பிடித்து மணந்து பார்த்தாள். ஐம்பத்தொன்பது வயதில் புருசனின் கையை மணக்கிற பொம்பிளை என்று உதயகலா ஊரெல்லாம் கதைத்திருப்பாள். கதைக்கட்டும்.

மாசி நடுவில் முடிவு வந்தது. “இன்னும் புற்றாக மாறேல்லை. ஆனால் மாறுற வழியிலைதான் நிண்டிருக்கு. இன்னும் ஆறு மாசம் கழிச்சு வந்திருந்தால் நான் இப்பிடிக் கதைக்கமாட்டன்” என்றார் டொக்டர். அந்த இடத்தை முழுதாக எடுத்துவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒருதரம் வரச் சொன்னார். வீட்டுக்கு வரும் வழி முழுக்க பஸ்ஸில் அவள் அவருடைய கையை விடவில்லை.

அவளுடைய நிரை முழுதாகப் பழுத்தது. அவள் பிடுங்கப் பார்த்த முதலாம் கன்றும், அன்றே மண் அணைத்துவிட்டதால், வேர் பிடித்து நின்றது. பதினொரு வீட்டிலும் ஒரு கன்றுக்கும் ஒன்றும் வரவில்லை. இராசநாயகம் இதையெல்லாம் வேலியோரம் நின்று பார்ப்பதோடு சரி. கிட்டப் போக அவருக்கு உத்தரவில்லை.

பங்குனி பிறந்து நாலாம் நாள் காலமை, தேங்காயைத் திருவி வைத்துவிட்டு வழக்கம்போலக் கையை நீட்டினார். குணலட்சுமி விரலைப் பிடித்து மணந்து பார்த்தாள். தேங்காய் மட்டும் மணத்தது. மற்றக் கையில் அவள் ஒரு கோப்பையோடு நின்றாள்.

“இதுக்குள்ளை கையை வையுங்கோ.”

கோப்பையில் பால். அவர் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்து, இரண்டு கையையும் அதில் நனைத்தார். அவள் முன்னே நடந்து, முதலாம் கன்றின் கவட்டில் முளைத்திருந்த சின்னக் கிளையைக் காட்டினாள்.

“கிள்ளுங்கோ” என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார். பிறகு, பால் சொட்டுகிற கையால், மெல்லக் கிள்ளினார்.